பறை, கும்மி, மண், தறி: பெருந்துறைப் பக்கத்துக் கலை மையத்தின் தை–பங்குனி வகுப்புகளில் எதில் சேரலாம்?

பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவில் பழைய பஞ்சுக் குடோன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் சின்னக் கலை மையம். முன்னால் வேப்பமரம், பின்னால் செம்மண் களம், மேலே தகரக் கூரை. தை தொடங்கிப் பங்குனி முடிய என்னென்ன வகுப்பு, என்னென்ன நிகழ்ச்சி என்று வாசலில் பட்டியல் ஒட்டியாகிவிட்டது. பறை, வள்ளி கும்மி, மண் உருவாரம் எனும் சுடுமண் சிலை, ஒரு நாள் தறிப் பயிற்சி, குழந்தைகளுக்கு ஓவியம், மாசியில் ஓர் இரவு உடுக்கைப் பாட்டு. எல்லாமே கொங்கு நாட்டுக் கலைகள்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி நாள் ஒதுக்கவில்லை. கைக்கும் காலுக்கும் பழகுகிற அளவுக்கு நாள் கொடுத்த வகுப்புகள் அருமையாக அமைந்திருக்கின்றன. அவசரப்பட்டுச் சுருக்கியவை அப்படி இல்லை. சேருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பட்டியலிலேயே சிறந்தது பறை. ஞாயிறு காலை ஏழு முதல் ஒன்பது வரை, பன்னிரண்டு வாரம், பதினைந்து பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமை சம்பள நாள், ராத்திரி வீடு வந்து சேரவே நேரமாகிவிடும். ஞாயிறு காலை என்று வைத்தது அவர்களையும் நினைத்துத்தான். காலை ஏழு மணியில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. தை, மாசியில் பனி குடித்த தோல் தொய்ந்து கிடக்கும். அடித்தால் ‘பொத்’ என்று விழும். தீ மூட்டிக் காய்ச்சாமல் வகுப்பைத் தொடங்கவே முடியாது. ஆகவே வாராவாரம் ஒவ்வொருவரும் தம் பறையைத் தாமே காய்ச்சிப் பழகுகிறார்கள். பல பயிற்சி இடங்களில் உதவியாளர் ஒருவர் காய்ச்சிக் கொடுத்துவிடுவார். அடியெல்லாம் கற்றுத் தேர்ந்த பிறகும் கருவியைப் பேணத் தெரியாதவர்கள் அப்படித்தான் உருவாகிறார்கள்.

காய்ச்சுவதில் தவறு நடக்க நிறைய இடம் இருக்கிறது. வைக்கோல், காய்ந்த ஓலை, பழைய காகிதம் என்று சட்டென்று பற்றி அடங்கும் தீதான் வேண்டும். விறகுக் கங்கின் சூடு ஒரே இடத்தில் ஏறி, தோல் கருகிவிடும். பறையை நிறுத்திப் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரத்தில் தோல் கட்டையோடு ஒட்டியிருக்கும் இடம் கடைசியில்தான் இறுகும், நடு முந்திக்கொள்ளும். நடுவில் மட்டும் சூடு காட்டினால் தோல் ஒரு பக்கம் வெடவெடப்பாகவும் மறுபக்கம் தொளதொளப்பாகவும் நிற்கும். விரலால் சுண்டிப் பார்த்து, நடுவிலும் நாலு ஓரத்திலும் ஒரே மாதிரி ‘டங்’ என்று கேட்டால் போதும், எடுத்துவிடலாம். அதற்கு மேல் காய்ச்சினால் முதல் ஓங்கிய அடியிலேயே கிழியும். கிழிந்த தோலுக்கு ஒட்டுப் போட்டு ஒப்பேற்ற முடியாது. தோலைக் கழற்றிப் புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

மையத்தில் மூன்று வகைப் பறை வைத்திருக்கிறார்கள். முதலாவது மரக்கட்டை. வளைந்த மூன்று மரத்துண்டுகளை இரும்புத் தகடு வைத்து வட்டமாக இணைத்து, சுமார் 35 செ.மீ. அகலத்துக்கு மாட்டுத்தோல் போர்த்தியது. தோலை ஊறவைத்து, புளியங்கொட்டைப் பசை தடவி ஒட்டி, வாரால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். இரண்டாவது இரும்பு வளையத்தில் தோல் கட்டியது. கனம் தோளை இழுக்கும், காய்ச்சும்போது வளையமும் சேர்ந்து சூடேறிக் கையைச் சுடும். மூன்றாவது ஃபைபர் தோல். அதற்குத் தீயே வேண்டாம், ஸ்பேனரால் போல்ட்டை முடுக்கினால் சுதி ஏறும். மழைக்காலத்துக்கும் வீட்டில் தனியாகப் பழகுவதற்கும் இது கைகொடுக்கும். ஆனால் சத்தம் கீச்சென்று மேலே மட்டும் நிற்கும், அடிவயிற்றில் வந்து இறங்கும் அந்தக் கனத்த நாதம் வராது. சொந்தமாக வாங்க நினைப்பவர்கள் முதல் மாதம் மையத்தின் மரப்பறையிலேயே பழகிவிட்டு, கை நிதானப்பட்ட பிறகு வாங்குவது நல்லது. வாங்கும்போது மரம் இணையும் மூன்று இடங்களையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே மேடு தட்டினால் நாலு தடவை காய்ச்சியதும் தோல் அந்த இடத்தில்தான் முதலில் தேயும்.

குச்சி இரண்டு. வலக்கையில் குட்டையான, தடித்த அடிக்குச்சி. இடக்கையில் நீளமான, மெல்லிய மூங்கில் சிண்டுக்குச்சி. புதிதாக வருகிறவர்கள் எல்லாருக்கும் சிண்டுக்குச்சியில்தான் தடங்கல். இடக்கை பறையின் மேல்விளிம்பைத் தாங்கியபடியே குச்சியையும் விட வேண்டும். பயத்தில் இறுக்கிப் பிடித்தால் குச்சி தோலில் ஒட்டிக்கொண்டு சத்தம் செத்துப்போகும். பயிற்சி தரும் ஆசான் ஒரு பையனின் மணிக்கட்டைத் தொட்டு, “கண்ணு, குச்சிய இறுக்காத. விரல்ல புடி, மணிக்கட்டுல உடு. அதா எந்திரிச்சு வரும்” என்கிறார். “சரிங்க ஆசான்” என்று பையன் தளர்த்துகிறான். அடுத்த அடியிலேயே குச்சி துள்ளுகிறது. முதல் மூன்று வாரமும் இந்த வேலைதான். வலது தனி, இடது தனி, இரண்டும் சேர்த்து ஒன்று. அடவு, அதாவது கால் ஆட்டம், நாலாவது வாரம்தான் வருகிறது. சீக்கிரம் ஆடிப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்கள் பொறுமை இழப்பார்கள். ஆனாலும் இந்த வரிசையே சரி. கையில் அடி நிற்காமல் கால் எடுத்து வைத்தால், கால் ஓடுகிற வேகத்துக்குக் கையும் ஓடி, பதினைந்து பேரின் தாளமும் பதினைந்து பக்கம் போகும்.

முதல் வகுப்பில் குச்சியே கையில் கொடுப்பதில்லை. இந்தக் கருவியைச் சாவுக்கும் நோம்பிக்கும் (கோயில் திருவிழாவுக்கும்) அடிக்கச் சொல்லி யாரைக் கட்டாயப்படுத்தினார்கள், அடித்தவர்களை எங்கே நிறுத்தினார்கள் என்பதைப் பேசுகிறார்கள். கொங்கு நாட்டில் பறை சொல்லிக் கொடுக்கிற எவரும் இதைச் சொல்லாமல் கடக்கக் கூடாது. மேடையில் கைதட்டு வாங்குகிற கலையாக மட்டும் இதைப் படித்துவிட்டுப் போவது, தலைமுறை தலைமுறையாக இதைத் தோளில் சுமந்தவர்களுக்குச் செய்கிற அநியாயம். 2025இல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த மரியாதை ஊர்த்தெருவில் அடிக்கிறவருக்கும் வந்து சேர வேண்டும். ஆசானுக்கு மேடைக் கலைஞருக்கு நிகரான சம்பளத்தை மையம் கொடுக்கிறது என்பதும் இந்த வகுப்பைப் பரிந்துரைக்க ஒரு காரணம்.

ஒரே ஒரு குறை. மழை தூறினால் வகுப்பைத் தகரக் கூரைக்குள் நடத்துகிறார்கள். பதினைந்து பறையை அதற்குள் அடித்தால் சத்தம் கூரையில் மோதித் திரும்பி வரும். அரை மணி நேரத்தில் காது அடைத்து, ரீங்காரம் தொடங்கிவிடும். உள்ளே அடிப்பதானால் பஞ்சு போதாது, மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான் வாங்கிப் போங்கள். குழந்தைகளுக்குக் கட்டாயம் வேண்டும். மழை நாளில் ஐந்தைந்து பேராகப் பிரித்து அடிக்கச் சொல்லி மையத்திடம் கேட்கலாம். வகுப்பு, மாரியம்மன் நோம்பிகள் வரும் பங்குனியில் முடிகிறாற்போல் வைத்திருக்கிறார்கள். ஈரோடு பெரிய மாரியம்மன் கோயிலில் பங்குனியில் கம்பம் நட்டதும் இரவெல்லாம் ஆட்டம் நடக்கும். கற்றதை அங்கே காதால் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வள்ளி கும்மி வாரத்தில் ஐந்து நாள், இரவு ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிகிறது. சாயங்காலம் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, வீட்டில் ஒரு வேலையையும் முடித்துவிட்டுத்தான் பெண்கள் வர முடியும். அது தெரிந்தவர்கள் வைத்த நேரம் இது. மூன்று மாதப் பயிற்சி, பங்குனிக் கடைசியில் களத்தில் அரங்கேற்றம். முன்பு ஆண்களே ஆடிவந்த கலை. கோவை மாவட்டத்தின் பத்திரப்பன் போன்ற ஆசான்கள் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்ததால் இன்று ஊர் ஊராகப் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஆடுகிறார்கள். அவருக்கு 2024இல் பத்மஸ்ரீ வழங்கினார்கள். முருகன் வள்ளியைத் தேடி வந்து மணந்த கதையை ஆசிரியர் பாட, ஆடுகிறவர்கள் வாங்கிப் பாடியபடியே குனிந்து ஒரு கொட்டு, நிமிர்ந்து ஒரு கொட்டு, திரும்பி ஒரு கொட்டு என்று வட்டம் சுற்றுவார்கள். மெதுவாகத் தொடங்கும் பாட்டு போகப்போக வேகமெடுக்கும்.

வேகம் ஏறும்போது வட்டம் சுருங்குவதுதான் புதுக்குழுக்களின் தீராத சங்கடம். ஆடுகிறவர்கள் தெரியாமலேயே பாடுகிறவரைப் பார்த்து உள்ளே நகர்வார்கள். நாலாவது பாட்டில் தோளும் தோளும் இடிக்கும். இங்கே களத்தில் சுண்ணாம்பால் இரண்டு வட்டம் போட்டு, அவற்றுக்கு நடுவில்தான் கால் இருக்க வேண்டும் என்று பழக்குகிறார்கள். இரண்டு வாரத்தில் கால் தானாகவே தூரம் அறிந்துகொள்ளும். ஆட்டத்துக்கு முன் செம்மண்ணில் தண்ணீர் தெளித்து அமுக்கி வைக்கிறார்கள். அதைச் செய்யாத நாளில் புழுதி எழும்பி, பாடுகிறவர்களுக்குத் தொண்டை கட்டும். சிமென்ட் தரையில் பயிற்சி வைக்கும் இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். வெறுங்காலில் மூன்று மாதம் சிமென்டில் குதித்தால் முழங்கால் போய்விடும். மண்ணில் ஆடினாலும் இரண்டாவது வாரம் முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கம் வலிக்கத்தான் செய்யும். குதிகாலை ஊன்றி இறங்குவது ஒரு காரணம். முன்பாதத்தில் இறங்கப் பழகினால் குறைந்துவிடும். நாற்பது வயதைக் கடந்தவர்கள் முதல் பத்து நாள் பாதி வேகத்தில் ஆடிக்கொண்டு, பாட்டை மட்டும் முழுசாகப் பாடலாம். பாட்டு மனப்பாடம் ஆகாதவர்களுக்குத்தான் ஆட்டமும் தடுமாறுகிறது. நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு மாடு கட்டும்போதும் சோறு வைக்கும்போதும் பாடிப் பார்ப்பவர்கள் சீக்கிரம் தேறுகிறார்கள்.

வகுப்புக்குக் கட்டணம் இல்லை என்று பட்டியலில் போட்டிருக்கிறார்கள். ஆனால் அரங்கேற்றத்துக்கு எல்லாரும் ஒரே நிறப் புடவை எடுக்க வேண்டும், அந்தச் செலவு அவரவருடையது. இதைத் தொடக்கத்திலேயே எழுதிப் போட்டிருந்தால், மாதக் கடைசியில் கையைப் பிசைகிற நிலை சிலருக்கு வராது.

மண் உருவார வகுப்பு சனிக்கிழமை மதியம், ஆறு வாரம், பிறகு ஒரு நாள் சூளை. அய்யனார், கருப்பணசாமி கோயில்களில் நேர்த்திக்கடனாக வைக்கும் குதிரையும் மாடும் நாயும் செய்யக் கற்றுத் தருகிறார்கள். கடைசி வாரம் அவரவர் விருப்பம். காங்கேயம் காளையைச் செய்யவே பலரும் ஆசைப்படுவார்கள்.

இந்த வகுப்பின் நல்ல விஷயம், மண்ணைத் தயார் செய்வதிலிருந்து தொடங்குவது. கொங்குச் சீமை மண்ணில் சுக்காங்கல் அதிகம். கடுகளவு சுண்ணாம்புக்கல் களிமண்ணுக்குள் தங்கிவிட்டால், உருவாரம் காய்ந்து சூளையிலிருந்து நன்றாகவே வெளியே வரும். சூட்டில் நீறிய அந்தக் கல் பிறகு காற்றின் ஈரத்தை இழுத்து உப்பும். பத்துப் பதினைந்து நாள் கழித்து, அலமாரியில் வைத்த காளையின் திமிலில் ஒரு சில்லு தெறித்து விழுந்திருக்கும், அடியில் வெள்ளைப் பொட்டு தெரியும். வேகவைத்தவர்மேல் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. காய்ந்த மண்ணில் வினிகர் சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. இங்கே குளத்து வண்டலைக் காயவைத்து உடைத்து, இரண்டு நாள் தொட்டியில் ஊறவிட்டு, கரைத்து, துணியில் வடிகட்டி, சாக்கில் பரப்பிக் கெட்டியாக்குகிறார்கள். பிறகு சலித்த மணலும் உமியும் கலந்து மிதிக்கிறார்கள். மணலும் உமியும் மண்ணுக்கு மூச்சு விட வழி வைக்கும், இல்லாவிட்டால் காயும்போதே பிளக்கும். பிசைந்த உருண்டையைக் கம்பியால் குறுக்கே அறுத்துக் காட்டச் சொல்கிறார்கள். உள்ளே ஓட்டை தெரிந்தால் திரும்பவும் பிசைய வேண்டும்.

குதிரைக்கு முதலில் நாலு காலும் உள்ளீடற்ற குழாயாக உருட்டி நிறுத்தி, அவை கனம் தாங்கும்வரை விட்டுவிட்டு, அதற்கு மேல் உடம்பை வளையம் வளையமாக ஏற்றுவார்கள். தலை கடைசியில். சுவர் எங்கும் ஒரு விரல்கனம். ஒட்டும் இரண்டு பக்கத்தையும் முள்ளால் கீறி, மண் குழம்பு தடவித்தான் சேர்க்க வேண்டும். காய்ந்த காலில் ஈர உடம்பை வைத்தால், ஈரப்பகுதி பிறகு அதிகம் சுருங்கி, சேர்ந்த இடத்திலேயே விரிசல் விடும். வயிற்றுக்கு அடியில் ஒரு துளை கட்டாயம். மூன்று நாள் ஈரச் சாக்கு மூடி, பிறகு நிழலில், கடைசியில்தான் வெயில். காய்ந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கும்வரை உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தண்ணீரோடு சூளையில் வைத்தால் நீராவியாகி, உருவாரத்தையே வெடித்துச் சிதறவைக்கும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து உடைக்கும்.

இங்கேதான் பட்டியலில் தவறு செய்திருக்கிறார்கள். ஆறாவது வாரம் சனிக்கிழமை, சூளை அடுத்த செவ்வாய். கடைசி வாரம் செய்த காளைகள் மூன்று நாளில் காயவே காயாது. குறைந்தது இன்னொரு வாரமாவது தள்ள வேண்டும். சேருகிறவர்கள் எல்லாரும் முதல் நாளே இதை எடுத்துச் சொல்லுங்கள். மாற்ற மறுத்தால் உங்கள் காளையை அடுத்த சூளைக்கு வைத்துக்கொள்வது நல்லது. சூளை நாளில் முதல் சில மணி நேரம் தென்னை மட்டையால் சின்னத் தீதான் போடுவார்கள். வெள்ளைப் புகை நின்ற பிறகே தீயை ஏற்ற வேண்டும். அன்றைக்கே திறந்து பார்க்கத் துடிப்பவர்களை அடக்கி வைப்பதும் ஒரு வேலை. சூடு தணியாமல் குளிர்காற்று பட்டால் வெந்ததும் விரியும். காலத்தைத் தையில் வைத்தது சரியான முடிவு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில் உருவாரம் ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்து கோணிவிடும்.

தறிப் பயிற்சியைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. ஒரே நாள், காலை பத்து முதல் மாலை நாலு, எட்டுப் பேர், இரண்டு குழித்தறி. சாப்பாட்டு நேரம் போக ஐந்து மணி நேரம், இரண்டு தறி. பங்கு போட்டால் ஆளுக்கு ஒன்றேகால் மணி நேரம் வரும். அதற்குள் மிதியில் கால் பழகி, நூல் கொண்டு ஓடும் நாடாவை விடக் கை பழகுவதற்கே நேரம் சரியாகப் போய்விடும். புதிதாக உட்காருகிறவர்கள் குறுக்கு நூலான ஊடையை இறுக்கி இழுப்பார்கள், இரண்டு அங்குலம் நெய்வதற்குள் கரை உள்ளே வாங்கி, துணி இடுப்பு சிறுத்துப்போகும். அதைத் திருத்தக் கற்றுக்கொள்ள வேண்டிய நேரத்தில் அடுத்தவர் உட்கார வந்துவிடுவார். பாவு ஓட்டுவது, பிணைப்பது, தார் சுற்றுவது என்று தறிக்கு நூலைத் தயார் செய்யும் வேலை எதுவும் இதில் இல்லை. பவானி ஜமக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அகலமான ஜமக்காளத்தை இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்வதைப் பார்க்க வேண்டுமானால், நெசவாளர் வீட்டில் அனுமதி கேட்டு அரை நாள் உட்காருவது இந்தப் பயிற்சியைவிட அதிகம் சொல்லித் தரும். எட்டுப் பேரை நாலாகக் குறைத்து நாலு ஞாயிறு நடத்தினால் முதல் ஆளாகச் சேரலாம்.

மாசியில் சனிக்கிழமை இரவு உடுக்கைப் பாட்டு. பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியைப் பாடும் அண்ணன்மார் கதை, ஒன்பது மணி முதல் பன்னிரண்டு வரை. பொன்னர் சங்கர் கதை முழுசாகப் பாடினால் பல இரவு வேண்டும். 1960களில் கனடா நாட்டு மானுடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பக்கம் தங்கி, அதை ஒலிநாடாவில் பதிவு செய்தபோதும் இரவிரவாகத்தான் பாடினார்கள். மூன்று மணி நேரத்தில் பிறப்பிலிருந்து அவர்கள் இறந்து விழும் படுகளம் வரை ஓட்டினால் பாட்டு போய்க் கதைச்சுருக்கம்தான் மிஞ்சும். மையத்தில் இதை உணர்ந்து, கொம்பன் பன்றி வேட்டையை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல தேர்வு. அண்ணன்மாரின் உதவியாளர் சாம்புவன் வருகிற பகுதி, வசனமும் பாட்டும் மாறி மாறி வரும். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அழுத்தியும் விட்டும் பாடகர் சுதியை ஏற்றி இறக்குவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் புரியும். ஆகவே முன்வரிசையில் பாய் விரித்து உட்காருங்கள். ஒலிபெருக்கி வைப்பவர்களுக்கு ஒரு சொல்: உடுக்கைக்கு முன்னால் மைக்கை ஒட்டி வைத்தால் ‘கும்’ என்று வீங்கிக் குரலை மூடிவிடும். ஒரு முழம் தள்ளி, நெஞ்சு உயரத்தில் ஒரே மைக் போதும். மாசிப் பனி பத்து மணிக்கு மேல் இறங்கும், பெரியவர்களுக்குத் துண்டும் ஸ்வெட்டரும் கொண்டு போக வேண்டும்.

குழந்தைகளுக்கான ஓவியம் எங்கும் நடப்பது போலத்தான், அச்சடித்த படத்துக்கு வர்ணம் அடிக்கிற வகுப்பு. அதே நேரத்தில் மண் வகுப்பு நடப்பதால், எட்டு வயதைக் கடந்த பிள்ளைகளை அங்கே சேர்த்துவிடலாம், சேர்த்துக்கொள்கிறார்கள்.

பதிவு நேரில் மட்டும், மாலை ஐந்து முதல் ஏழு வரை. பறைக்கு மாதம் ஐந்நூறு ரூபாய், கருவி வாடகை அதற்குள்ளேயே. மண்ணுக்கு மொத்தமாக எண்ணூறு, சூளைக்குத் தனியாகக் காசு இல்லை. பறை இடங்கள் பொங்கலுக்கு முன்பே நிறைந்துவிடும் போலிருக்கிறது. கும்மிக்கு மாசி முதல் வாரம்வரை சேரலாம், அதற்குப் பின் வருகிறவர்களை அரங்கேற்றத்தில் நிறுத்த மாட்டார்கள். கழிப்பறை ஒன்றுதான் இருக்கிறது, அரங்கேற்ற நாளுக்கு இன்னொரு ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். இரவு வகுப்புக்கு வருகிறவர்கள் கடைசி பஸ் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.